கையெழுத்துக்கு முன் ஒரு வரி

கேமரன் மலைத் தோட்டங்களில் ஆட்குறைப்புக் கடிதம் வந்தால், படித்துச் சொல்லும்படி ஆசிரியர்களாகிய எங்களிடம் கொண்டுவருவார்கள். எவ்வளவு கிடைக்கும் என்றுதான் கேட்பார்கள். தொகைக்குக் கீழே, "இங்கு வேலை செய்யும் எவரையும் ஓராண்டுக்கு வேறிடத்து வேலைக்கு அழைக்க மாட்டேன்" என்று ஒரு வரி இருக்கலாம். மண்டோர், கிராணி போன்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த அச்சம் பழையது. ரப்பர் பெருகிய காலத்தில் மலாயாத் தோட்டங்கள் ஒன்றன் ஆட்களை மற்றொன்று இழுத்துக்கொண்டன. ஆள் கொண்டுவரச் செலவழித்தவர் ஒருவர். பயன் பெற்றவர் வேறொருவர். 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தமிழர் குடியேற்ற நிதி, அந்தச் செலவை எல்லாத் தோட்டத்தார்க்கும் பொதுவாக்கியது.

இன்று இரண்டு பணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, சட்டம் தருவது. 1980ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, ஓராண்டாவது வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 10 நாள் சம்பளம். இரண்டாண்டு நிறைந்தால் 15 நாள். ஐந்தாண்டு நிறைந்தால் 20 நாள். நாளொன்றுக்கு 70 ரிங்கிட் பெற்று 12 ஆண்டு உழைத்தவருக்கு 16,800 ரிங்கிட் வரும். ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும். இதைக் குறைக்கும் நிபந்தனை செல்லாது என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. ஆகவே, இது எந்த வாக்குறுதிக்கும் விலையல்ல.

இரண்டாவது, நிர்வாகம் விரும்பிக் கூட்டித் தருவது. அந்த வரி பெரும்பாலும் இதனோடுதான் ஒட்டி வரும்.

நீங்களே வேறு தோட்டத்தில் சேரக்கூடாது என்று எழுதியிருந்தால், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு துணை நிற்கும். ஒருவர் நேர்மையான தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது. பிறரை அழைக்காதே என்பது வேறு. அது எழுதிய சொற்களையும் சூழ்நிலையையும் பொறுத்தது.

நம் லயங்களில் உடன் வேலை செய்பவர் தம்பியாகவோ மைத்துனராகவோ இருப்பார். அவர் தாமாகக் கேட்டு, நாம் வழி சொன்னால் அதுவும் அழைப்பாகுமா? எத்தனை மாதம்? மீறினால் எந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்? இவற்றைத் தெளிவாக எழுதித் தரும்படி கேளுங்கள். ஐயம் தீராவிட்டால் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிலோ காட்டுங்கள்.

ஒருநாள் தாமதித்துக் கையெழுத்திடுவதில் வெட்கம் இல்லை.