ஹ்யூம் சாலையில் எங்கே படுப்பது?

சனிக்கிழமை இரவு மெல்போர்னில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மண்டபத்தை விட்டு வெளியே வரவே மணி பன்னிரண்டாகிவிடும். உறவினர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, பழங்கதை பேசிக் கண் மூடும்போது இரண்டு. ஞாயிறு காலை ஏழு மணிக்கு எழுந்து, கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோவிலுக்கு ஒரு நடை போய் வந்து, மதியம் வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குக் காரை எடுத்தால் நள்ளிரவுக்குள் சிட்னி வெண்ட்வொர்த்வில் வீட்டில் இருக்கலாம் என்று கணக்குப் போடுகிறார் ஒருவர். திங்கள் காலை அவருக்கு வேலை.

"தனியாவா போறே தம்பி? ராத்திரி வழியில எங்கேயாவது தங்கிட்டுப் போயேன்."

"ஒரே ஹைவே அத்தை. நேரா பிடிச்சா வீடு. சமாளிச்சுடுவேன்."

ஆஸ்திரேலியத் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு நடக்காத நீண்ட வார இறுதி இல்லை. அத்தை சொல்வதுதான் சரி. ஏன் சரி, தங்குவதென்றால் எந்த ஊரில், எப்படிப்பட்ட அறையில் என்பதைப் பார்ப்போம்.

சாலை நல்ல சாலைதான்

சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் இடையே ஹ்யூம் நெடுஞ்சாலை சுமார் 880 கிலோமீட்டர். 1824இல் இந்தப் பக்கமாகத் தெற்கே நடந்து போன ஹாமில்டன் ஹ்யூமின் பெயர் அதற்கு. ஒரு காலத்தில் இது ஊர் ஊராக நுழைந்து வெளியேறும் சாலை. குண்டகாய், கோல்பர்ன், யாஸ் என்று ஒவ்வொரு ஊருக்கும் புறவழி வந்து, கடைசியாக 2013இல் ஹோல்புரூக் புறவழியும் திறந்தபோது, முழுச் சாலையும் இரட்டைப் பாதையானது. எதிரே வரும் வண்டியோடு நேருக்கு நேர் மோதும் ஆபத்து வெகுவாகக் குறைந்தது.

ஆனால் ஓட்டுநரை விழிக்க வைத்தவையும் அதோடு போயின. வேகத்தைக் குறைக்கும் கடைத்தெரு இல்லை, பாதையைக் கடக்கும் ஆள் இல்லை. 110இல் க்ரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டால் காலுக்கும் வேலை இல்லை. கூட ஆள் இருந்தால் கண் செருகுவதை அவராவது பார்ப்பார். தனியாகப் போகிறவருக்கு அந்தக் காவலும் கிடையாது. 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கார் 30 மீட்டர் போகிறது. நான்கு நொடி கண் அசந்தால் 120 மீட்டர். அசந்தது பல சமயம் அவருக்கே தெரிவதில்லை என்பதுதான் இதில் மோசமான விஷயம்.

பதினேழு மணி நேரக் கணக்கு

1997இல் அடிலெய்டைச் சேர்ந்த ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கண்-கை ஒருங்கிணைப்பும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகின்றன. 24 மணி நேரம் ஆனால் 0.10 அளவுக்கு. ஆஸ்திரேலியாவில் முழு உரிமம் உள்ளவருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லையே 0.05தான்.

நம்முடைய தம்பியின் கணக்கை இப்போது பாருங்கள். காலை ஏழுக்கு எழுந்தவருக்கு நள்ளிரவு பன்னிரண்டில் 17 மணி நேரம் ஆகிறது. அதுவும் முந்தைய இரவு ஐந்து மணி நேரமே தூங்கியவர். ரிசப்ஷனில் ஒரு சொட்டுக்கூடத் தொடாத நல்ல பிள்ளை, சிட்னி எல்லைக்குள் நுழையும்போது குடித்தவரின் நிலையில் இருக்கிறார். ஊதிப் பார்க்கும் கருவி இதைக் காட்டாது.

இதோடு உடலுக்குள் ஓடும் கடிகாரம் வேறு. நள்ளிரவுக்குப் பின் விடியும் வரையிலும், பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரையிலும் உடல் தானாகவே தூக்கத்துக்கு இறங்குகிறது. உண்ட மயக்கம் என்று நாம் சோற்றின் மேல் பழி போடுகிறோம். சோறு உண்ணாதவருக்கும் அந்த நேரத்தில் சோர்வு வரும். 'விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினால் டிராஃபிக் இருக்காது' என்ற நம் ஊர்ப் பழக்கம் சாலைக்கு நல்லது, மூளைக்கு நல்லதல்ல. 1989 டிசம்பர் 22 அன்று சிட்னிக்கு வடக்கே கெம்ப்சி அருகில் இரண்டு பயணிகள் பேருந்துகள் நேருக்கு நேர் மோதி 35 பேர் இறந்தார்கள். நேரம், அதிகாலை மூன்றரை வாக்கில். ஓட்டுநர்களில் ஒருவர் தூங்கிவிட்டார் என்பது விசாரணையின் முடிவு.

தூங்கிவிட்டேன், எனக்கே தெரியாது என்று சொல்லிச் சட்டத்திடமும் எளிதாகத் தப்ப முடியாது. தூங்கும் கணத்தில் ஒருவர் செய்வது அவர் அறிந்து செய்வதல்ல. ஆனால் தூக்கம் வருகிறது என்று தெரிந்தும் அதற்கு முன் ஓட்டிக்கொண்டிருந்தாரே, அது ஆபத்தான ஓட்டுதலாகலாம் என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992இல் ஒரு வழக்கில் தெளிவாக்கியது.

எந்த ஊரில் நிற்பது

பலரும் வரைபடத்தைப் பார்த்துப் பாதி வழியில் விரல் வைக்கிறார்கள். பாதி வழி டார்கட்டா. லாரி ஓட்டுநர்கள் நெடுங்காலமாக நின்று வண்டி மாற்றிக்கொள்ளும் ஊர். சாலையில் உயிரிழந்த ஓட்டுநர்களுக்கு அங்கே ஒரு நினைவிடமும் இருக்கிறது. ஆனால் உங்கள் பாதி வழி டார்கட்டாவாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். எழுந்து 14, 15 மணி நேரத்துக்குள் அறைக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஊர் தானாக முடிவாகிவிடும்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்து மாலை ஆறுக்குச் சிட்னியில் கிளம்புபவர் காலை ஆறுக்கு எழுந்தவர். அவருக்கு எட்டே கால் வாக்கில் கோல்பர்ன் (சுமார் 195 கி.மீ.), ஒன்பதேகாலுக்குள் யாஸ் (280 கி.மீ.). அங்கே நின்றுவிடலாம். குண்டகாய் (385 கி.மீ.) போவதென்றால் பத்தரை ஆகும். அது 15 மணி நேரக் கணக்கைத் தாண்டிவிடும். 'இன்னும் ரெண்டு மணி நேரம்தானே, ஆல்பரி போயிடலாம்' என்ற ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

மெல்போர்னில் ஞாயிறு மூன்று மணிக்குக் கிளம்பும் நம் தம்பிக்கு வாங்கரட்டா (சுமார் 250 கி.மீ.) அல்லது ஆல்பரி (320 கி.மீ.). ஐந்து மணி நேரமே தூங்கியவர் அதற்கு மேல் போகக்கூடாது. ஜூன், ஜூலையில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பொழுது சாயும் நேரத்திலும் விடியும் நேரத்திலும் கங்காருக்கள் மேய்ச்சலுக்கு இறங்கும். குளிர்காலத்தில் இது வாங்கரட்டாவைத் தாண்டிப் போவதா, அங்கேயே நிற்பதா என்ற கேள்வியாகிவிடுகிறது. என் கருத்து, நிற்பதுதான்.

பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் தனியே ஓட்டும்போது இன்னொன்று. நியூ சவுத் வேல்ஸில் சிவப்பு 'பி' தட்டு உரிமம் உள்ளவர் 90க்கு மேல் போகக்கூடாது. அவர்களுக்கு இந்தப் பயணம் நிற்காமல் போனாலும் பத்து மணி நேரம். அப்பா ஒன்பதரையில் முடித்ததைப் பிள்ளையிடம் எதிர்பார்க்காதீர்கள்.

லாரி ஓட்டுநர்களுக்குச் சட்டமே கணக்கு வைத்திருக்கிறது. சாதாரண நேரக்கட்டின்படி, தனியாக ஓட்டுபவர் 24 மணி நேரத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது, தொடர்ச்சியாக 7 மணி நேரமாவது வண்டியை நிறுத்தி ஓய்வெடுத்தாக வேண்டும். கார்க்காரருக்கு அப்படி ஒரு நேரக்கட்டு இல்லை. அதைத் தானே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அறை கேட்கும்போது

தங்குவது தூங்குவதற்கு. இதை மறந்துவிட்டு விலையையும் படத்தையும் மட்டும் பார்த்து அறை எடுப்பவர்கள் உண்டு. கோல்பர்ன், ஆல்பரி, வாங்கரட்டா, பெனல்லா எல்லாம் ரயில் பாதையில் உள்ள ஊர்கள். சரக்கு ரயில்கள் இரவில் போகும். குண்டகாய்க்கு முதன்மை ரயில் பாதையின் சத்தம் இல்லை. புறவழி வந்த ஊர்களில் பழைய தெருவில் உள்ள மோட்டல்களுக்கு லாரிச் சத்தம் அவ்வளவாக எட்டாது. ஆல்பரியில் நெடுஞ்சாலை நகரத்துக்குள்ளேயே போகிறது. அதனால் தொலைபேசியில் கேளுங்கள்: சாலையை விட்டும் ரயிலை விட்டும் தள்ளி, பின்பக்கம் அறை உண்டா? நல்ல திரைச்சீலை உண்டா? அறை வாசலிலேயே, விளக்கு வெளிச்சத்தில் கார் நிறுத்தலாமா? தனியாக வரும் பெண்கள் இந்தக் கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

சிற்றூர் மோட்டல்களில் பலவற்றில் வரவேற்பு இரவு எட்டு, ஒன்பதுக்கு மூடிவிடும். முன்கூட்டிச் சொன்னால் சாவியை உறையில் போட்டு வைப்பார்கள். சமையலறைகளும் சீக்கிரம் அடைத்துவிடும், சைவம் கிடைப்பது அதிர்ஷ்டம். இட்லியோ தயிர்சாதமோ கையில் இருந்தால் நிம்மதி. அறையில் சிறு குளிர்பெட்டி உண்டா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

புது இடத்தில் முதல் இரவு தூக்கம் வராது என்று பாட்டிமார் சொன்னதற்கு ஆதாரம் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டியது இது: புது இடத்தின் முதல் இரவில் மூளையின் ஒரு பாதி, சத்தத்துக்குக் காது கொடுத்தபடி மேலோட்டமாகவே தூங்குகிறது. வீட்டுத் தலையணையைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள், காதடைப்பானும் கூட. பப்பில் இரண்டு பியர் குடித்தால் தூக்கம் வரும் என்பது பாதி உண்மை. வரும், பின்னிரவில் கலைந்தும் போகும்.

குறட்டை விடுபவர்கள் கவனிக்க

இந்தச் சாலையின் இரு முனை நகரங்களும் தூக்க மருத்துவத்துக்கு ஒவ்வொன்று தந்திருக்கின்றன. 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன், தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுபவர்களுக்கு மூக்கு வழியாக அழுத்தக் காற்றைத் தரும் 'சிபாப்' சிகிச்சையை அறிமுகப்படுத்தினார். 1991இல் மெல்போர்ன் எப்வொர்த் மருத்துவமனையில் மரே ஜான்ஸ், பகல் தூக்கத்தை அளக்கும் எப்வொர்த் அளவுகோலை வெளியிட்டார். எட்டு சூழல்கள், ஒவ்வொன்றிலும் கண் அயர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 10ஐத் தாண்டினால் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். இந்த எட்டில் ஒன்று, போக்குவரத்தில் சில நிமிடம் கார் நிற்கும்போது அயர்வது.

உரத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பது, காலைத் தலைவலி, எட்டு மணி நேரம் தூங்கியும் அசதி: இவை உள்ளவருக்கு விபத்து வாய்ப்பு கூடுதல். நம் தெற்காசிய உடல்களுக்குப் பெரிய பருமன் இல்லாமலே இந்த நோய் வருவதுண்டு. சிபாப் கருவி வைத்திருப்பவர்கள் 'ஒரு ராத்திரிதானே' என்று அதை வீட்டில் விட்டுவிட்டு வருவதைத்தான் அடிக்கடி கேட்கிறோம். அந்த ஒரு ராத்திரிக்கு அடுத்த பகலில்தான் 500 கிலோமீட்டர் ஓட்டப் போகிறீர்கள். கருவியோடு ஒரு நீட்டு மின்கம்பியும் எடுத்துச் செல்லுங்கள், மோட்டல் கட்டிலருகே பிளக் இருக்கும் என்று சொல்ல முடியாது.

சர்க்கரையும் மாத்திரையும்

இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரை சாப்பிடுபவர்களும் வண்டியை எடுக்குமுன் அளவு 5 மில்லிமோலுக்கு (90 மில்லிகிராம்) மேல் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும், வழியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும். இன்சுலினைக் காரில் இரவு முழுவதும் விடாதீர்கள். கோடையில் வெந்துவிடும், கோல்பர்ன் குளிரில் உறைந்தும் போகலாம். சளிக்கும் அலர்ஜிக்கும் சாப்பிடும் மாத்திரைகளின் உறையில் மயக்க எச்சரிக்கை ஒட்டியிருந்தால் அதை நம்புங்கள். கால் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டாமல் இருக்க, நிற்கும் இடமெல்லாம் பத்து நிமிடம் நடப்பது உதவும்.

அறை வருமுன் கண் செருகினால்

ஜன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டுவதும் சில நிமிடங்களுக்கு மேல் உதவாது என்பதை இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அதே குழு கண்டுபிடித்த பலனுள்ள வழி: ஓய்விடத்தில் நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டு உடனே 15 நிமிடம் கண்ணை மூடுவது. காபி வேலை செய்யத் தொடங்க அரை மணி நேரம் ஆகும், எழுந்து சிறிது நேரத்தில் இரண்டின் பலனும் சேரும். விடுமுறை நாட்களில் 'டிரைவர் ரிவைவர்' கூடாரங்களில் தன்னார்வலர்கள் தேநீர், காபி, பிஸ்கட் இலவசமாகவே தருகிறார்கள். நின்று குடியுங்கள். இதெல்லாம் அடுத்த ஊரின் படுக்கை வரை கொண்டு சேர்க்கும். சிட்னி வரை கொண்டு சேர்க்காது.

மறுநாள் காலை

நான்கு மணிக்கு அலாரம் வைத்துக் கிளம்பினால் தங்கியதன் பலன் பாதி போயிற்று. நன்றாக விடிந்த பிறகு எழுந்து, குளித்து, எழுந்ததிலிருந்து அரை மணி நேரமாவது கழித்து வண்டியை எடுங்கள். விழித்தவுடன் மூளை மந்தமாகவே இருக்கும். ஆல்பரியிலிருந்து எட்டு மணிக்குக் கிளம்பினால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் போட்டும் மதியம் மூன்றுக்குள் சிட்னி.

அதாவது திங்கட்கிழமை விடுப்பு வேண்டும். அதைக் கல்யாணப் பத்திரிகை வந்த அன்றே கேட்டு வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் இந்தப் பயணத்துக்குக் காரை எடுக்க வேண்டாம். சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் இடையே விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான், நாளெல்லாம் விமானங்கள் இருக்கின்றன.