ஐந்தடி பத்து அங்குல ஆட்டக்காரர்

அமெரிக்காவில் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய் வந்தவர்கள் நம் மலரில் நயாகராவைப் பற்றி எழுதுவது வழக்கம். நானும் நயாகரா பார்த்தேன். ஆனால் இங்கே எழுதப் போவது ஒரு தெருப் பலகையைப் பற்றி.

என் மகள் பாஸ்டன் நகருக்கு மேற்கே நேட்டிக் என்ற ஊரில் இருக்கிறாள். குளிர் தாங்காமல் அங்குள்ள பெரிய கடை வளாகத்துக்குள்ளேயே நானும் பேரனும் மாலையில் நடப்போம். ஒரு நாள் வெளியே வந்தபோது ஒரு சிறிய சாலையில் 'ஃப்ளூட்டி பாஸ்' என்று பலகை இருந்தது. பாஸ் என்றால் வழி. பந்தை எறிவதும் பாஸ்தான். பெயர் வைத்தவர் குறும்புக்காரர்! "யாரப்பா இந்த ஃப்ளூட்டி?" என்று கேட்டேன். "டக் ஃப்ளூட்டி, தாத்தா. இந்த ஊர்க்காரர். அவரும் அவர் தம்பி டாரனும் ஃபுட்பால் ஆடினவங்க. அவர் ரொம்பக் குள்ளம்" என்றான் பேரன்.

கடைசி வார்த்தையை அவன் சொன்ன விதம் என்னைத் தைத்தது. அவனுக்கு வயது 13. வகுப்பிலேயே உயரம் குறைந்தவன். ஊர்ச் சிறுவர் அணியில் குவார்ட்டர்பேக் ஆக ஆசை. பயிற்சியாளர் அவனை ஓரத்தில் உட்கார வைத்திருந்தார். "அடுத்த சீசன்ல இருந்து நிறுத்திடலாம்னு இருக்கேன்ப்பா, மனசு ஒடிஞ்சு போறான்" என்று மகள் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தாள். அன்றிரவே ஃப்ளூட்டியைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அமெரிக்கக் கால்பந்து நம் கால்பந்து அல்ல. 100 கஜ மைதானம், பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும்; இல்லையேல் பந்து எதிரணிக்குப் போகும். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி. ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை முதலில் வாங்கி, ஓடுவதா, எறிவதா, யாருக்கு எறிவது என்று சில விநாடிகளில் முடிவு செய்பவர் குவார்ட்டர்பேக். ரயில்வே பாஷையில் சொன்னால், அவர் ஒரே சமயத்தில் டிரைவரும் கன்ட்ரோலரும். அவர் முன்னே மலை மாதிரி ஆட்கள் நிற்பதால், அவர்கள் தலைக்கு மேல் பார்த்து எறிய உயரம் வேண்டும் என்பது அங்கே எழுதாத விதி.

ஃப்ளூட்டி 1962-இல் பிறந்தவர். நானும் அதே ஆண்டுதான். அவருடைய 13-ஆவது வயதில் குடும்பம் நேட்டிக்கில் குடியேறியது. உயரம் 5 அடி 10 அங்குலம். நம் அகல ரயில் பாதையின் அகலத்தைவிட நான்கே அங்குலம் அதிகம். நமக்கு இது நல்ல உயரம். அந்த ஆட்டத்தில் இது குள்ளம். பள்ளி முடித்தபோது முதல்நிலைக் கல்லூரிகளில் அவருக்கு இடம் கொடுத்தது ஒன்றே ஒன்று, பாஸ்டன் கல்லூரி. (நம் சென்னை லயோலாவைப் போல அதுவும் ஏசு சபையாரின் கல்லூரி.) அங்கும் அவர் பின்வரிசை மாற்று ஆட்டக்காரர்தான். 1981-இல் பென் ஸ்டேட் அணியிடம் கல்லூரி படுமோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தபோது, 'இனி என்ன ஆனால் என்ன' என்ற நிலையில் பயிற்சியாளர் ஜாக் பிக்னெல் அவரை இறக்கினார். அந்த ஆட்டம் தோல்விதான். ஆனால் அதன் பிறகு ஃப்ளூட்டியை யாரும் உட்கார வைக்கவில்லை.

1984 நவம்பர் 23. மயாமியில் ஆரஞ்ச் பவுல் மைதானம். எதிரே முந்தைய ஆண்டின் தேசியச் சாம்பியனான மயாமி பல்கலைக்கழகம். அவர்களது குவார்ட்டர்பேக் பெர்னி கோசார் 6 அடி 5 அங்குலம். மழை, காற்று. இருவரும் போட்டி போட்டுக்கொண்டு எறிந்தார்கள். கோசார் 447 கஜம், ஃப்ளூட்டி 472 கஜம். ஆட்டம் முடிய 28 விநாடிகள் இருக்கையில் மயாமி 45–41 என்று முந்திவிட்டது.

இரண்டு எறிகளில் ஃப்ளூட்டி பந்தை நடுக்கோட்டுக்கு அப்பால் கொண்டுவந்தார். மிச்சம் 6 விநாடி. ஒரே ஒரு முயற்சி. இப்படிக் கடைசி நேரத்தில் கடவுள் விட்ட வழி என்று நீளமாக எறிவதற்கு, மரியன்னையை வேண்டும் ஜெபத்தின் பெயரால் 'ஹெய்ல் மேரி' என்று பெயர். எதிரணியினர் துரத்த, ஃப்ளூட்டி பின்னால் ஓடி, வலப்புறம் ஒதுங்கி, தன் பக்கத்து 37-ஆம் கஜக் கோட்டருகே நின்று முழு பலத்தையும் கொடுத்து வீசினார். பந்து காற்றை எதிர்த்து 63 கஜத்துக்கு மேல் பறந்தது. நம் எல்.எச்.பி. பெட்டிகள் இரண்டரையை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம்! பந்து காற்றில் இருக்கும்போதே கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டது. கடைசிக் கோட்டைத் தாண்டி அதைப் பிடித்தவர் ஜெரார்ட் ஃபெலன், ஃப்ளூட்டியின் விடுதி அறைத் தோழர். 47–45.

இதில் என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. ஃபெலன் எப்படித் தனியாக நின்றார்? மயாமியின் தடுப்பாளர்கள் கோட்டுக்கு முன்னாலேயே காத்திருந்தார்கள். இந்தக் குள்ள மனிதன் அவ்வளவு தூரம் எறிய மாட்டான் என்று நினைத்து, ஃபெலன் தங்களைத் தாண்டி ஓடியதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். அளந்தவர்கள் உயரத்தை அளந்தார்கள், கையை அளக்கவில்லை. தோற்றது அளவுகோல்.

அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஆனால் அது திட்டமிட்டுப் பழகிய ஆட்டமுறை. அதற்குத் தனிப் பெயரே இருந்தது. அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை ஃப்ளூட்டிக்குக் கிடைத்தது. அந்த ஒரு எறிக்காகக் கிடைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கான வாக்குகள் பெரும்பாலும் முன்பே போடப்பட்டுவிட்டன. நான்கு ஆண்டுகளில் அவர் எறிந்து சேர்த்தது 10,579 கஜம், அதாவது ஏறக்குறைய 9.7 கிலோமீட்டர். அதற்கு முன் எந்தக் கல்லூரி ஆட்டக்காரரும் 10,000 கஜத்தைத் தொட்டதில்லை. 1985 ஜனவரி 1-இல் காட்டன் பவுல் போட்டியில் ஹூஸ்டனை 45–28 என்று வென்று கல்லூரி வாழ்க்கையை முடித்தார்.

இத்துடன் முடிந்திருந்தால் சினிமாக் கதை. ஆனால் தொழில்முறை என்.எஃப்.எல். அணிகள் அவரைத் தேர்ந்தெடுத்தது 11-ஆவது சுற்றில், 285-ஆவது ஆளாக! சில ஆண்டுகள் இங்கும் அங்கும் ஆடிவிட்டு 1990-இல் கனடாவுக்குப் போனார். அங்கே மைதானம் பெரிது. ஓடிக்கொண்டே எறிபவருக்கு ஏற்றது. எட்டு சீசன்களில் ஆறு முறை சிறந்த ஆட்டக்காரர் விருது, மூன்று முறை கிரே கோப்பை. 1998-இல் 36-ஆவது வயதை எட்டும் நேரத்தில் என்.எஃப்.எல்.லில் பஃபலோ அணிக்குத் திரும்பி, அந்த ஆண்டின் நட்சத்திர அணியிலும் இடம் பெற்றார். 43-ஆவது வயது வரை ஆடினார். மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு, அவரும் மனைவியும் 1998-இல் அப்படிப்பட்ட குழந்தைகளின் குடும்பங்களுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு என் தவறு ஒன்று நினைவுக்கு வந்தது. ஃப்ளூட்டி அந்தப் பந்தை எறிந்த அதே குளிர்காலத்தில் நான் ஆம்லா பக்கம் பாதை ஆய்வாளன்; வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு. டிப்ளமாக்காரன் என்று மற்றவர்கள் என்னை ஒரு படி கீழே வைத்தால் எனக்கு ரோஷம் வரும். ஆனால் என்னிடம் வந்த ஒல்லியான கீமேன் ஒருவரை, "இவர் எங்கே சுத்தியல் தூக்கப் போகிறார்" என்று நினைத்து, சுலபமான பகுதிக்குத் தள்ளிவைத்தேன். ஒரு விடியற்காலையில் அவர்தான் குளிரில் விரிந்த தண்டவாள முறிவைக் கண்டுபிடித்து, சிவப்புக் கொடியுடன் ஓடிப்போய் வண்டியை நிறுத்தினார். அன்றைக்கு நான் அளந்தது அவர் தோளை. வேண்டியிருந்தது கண்ணும் காலும்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன் பேரனிடம் இவ்வளவையும் சொன்னேன். "அப்போ நானும் வளருவேனா தாத்தா?" என்றான். பொய் சொல்ல மனம் வரவில்லை. "தெரியலைடா. ஃப்ளூட்டியும் அதுக்கு மேல வளரலை. முன்னால நிற்கிறவங்க தலைக்கு மேல பார்க்க முடியாதபோது, பக்கவாட்டில் ஓடி இடைவெளி தேடிக்கிட்டார். நீயும் உன் இடைவெளியைத் தேடு" என்றேன். மகளிடம், "இன்னும் ஒரு சீசன் பார்ப்போமே அம்மா" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

போன மாதம் போனில் பேசினான். முதல் அணியில் இன்னும் எடுக்கவில்லையாம். ஆனால் தினமும் பள்ளி முடிந்ததும் அவனும் ஒரு நண்பனும் எறிந்து பழகுகிறார்களாம். "நான் இப்ப மூணாவது மாற்று ஆள், தாத்தா" என்றான். குரலில் வருத்தம் இல்லை.

நம் சங்கக் குடும்பங்களில் பிள்ளைகளை நாம் எதைக் கொண்டு அளக்கிறோம்? மதிப்பெண், கல்லூரியின் பெயர், சம்பளம். அளவு வேண்டாம் என்று ஓர் இன்ஜினீயர் சொல்ல மாட்டான். அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறோமா என்று ஒரு முறை சரிபார்த்துக்கொள்வோம். அவ்வளவே என் வேண்டுகோள்.