கணினியுங் கச்சான் காற்றும்

மேசைக் கணினியொன்று வேலையின் நடுவே நின்றுவிடின், அதனை வைரசின் செயலென்றோ மின்சாரத்தின் குற்றமென்றோ கூறி அமைதல் நம்மவர் வழக்கு. பெட்டியினுட் காற்று எவ்வழி புகுந்து எவ்வழி போகின்றதென வினவுவார் மிகச் சிலரே.

கணினி கொள்ளும் மின்சத்தி ஏறக்குறைய முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே மாறுகின்றது. 1946 இல் அமெரிக்காவில் உலகறியக் காட்டப்பெற்ற எனியாக் என்னுங் கணிப்பொறி, ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களின் சூட்டைப் போக்கப் பெரும் ஊதுவிசிறிகளை வேண்டி நின்றது. இன்று பொறி சிறுத்தது, சூடு ஒழியவில்லை. ஒரு கனமீற்றர் காற்றின் வெப்பநிலையை ஒரு செல்சியசுப் பாகை உயர்த்த ஏறத்தாழ 1,200 யூல் வேண்டும். ஆகவே 200 உவாற்றுக் கணினியினின்று காற்று 10 பாகை மட்டுமே சூடேறி வெளிவர வேண்டுமாயின், நிமிடத்துக்கு 1 கனமீற்றர் காற்று அதனூடே செல்லுதல் வேண்டும்.

வாவிக்கரையில் வாழும் நமக்கு இதில் ஒரு தனி இடருண்டு. அது கச்சான், வறுத்துக் கொறிக்குங் கச்சானன்று, காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைச் சொரிந்துவிட்டுக் கிழக்கே இறங்குங்கால், அமுக்கத்தாற் சூடேறி வறண்டு நம்மை வந்தடைகின்றது. விசிறி எத்துணை சுழலினும் அறைக்காற்றினுங் குளிர்ந்த காற்றைத் தரமாட்டாது. அறை 35 பாகையாயின் உள்ளுறுப்புக்கள் அதற்கு மேலேயே நிற்கும். புரொசெசர் 100 பாகையை அண்மிக்கும்போது பெரும்பாலுந் தன் வேகத்தைத் தானே குறைக்கும். அதுவும் போதாதாயின் கணினி நின்றுவிடும்.

யான் முன்னர்க் கற்பித்த பாடசாலையொன்றிற் கச்சான் நாட்களின் பிற்பகலில் கணினிகள் ஒவ்வொன்றாய் நின்றன. பரீட்சைக்குச் சில கிழமைகளே இருந்தன. மாணவர் சேமியாது வைத்திருந்த வேலையெல்லாம் அழிந்தது. பக்கத் தகட்டைக் கழற்றி மேசை விசிறியை வைத்தோம். சின்னாட் பயன் தந்தது. பின்னர்த் தூசி மண்டி முன்னினுங் கேடாயிற்று. உண்மைக் காரணம் விளங்க எமக்கு ஒரு தவணை சென்றது. பெட்டிகள் மூடிய மேசையறைகளிற் சுவரோடு ஒட்டி நின்று, தாம் வெளிவிட்ட சூட்டையே மீண்டும் உள்ளிழுத்தன. அவற்றை வெளியே எடுத்துச் சுவரினின்று ஒரு சாண் விலக்கி வைத்து, அறையின் எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்தபின்னரே நிலைமை சீராயிற்று.

சாளரம் ஒரு புறமே உள்ள வீட்டில் எத்தனை விசிறி சுழன்றென்ன? பெட்டிக்கும் அதுவே நியாயம். முன்விசிறி உள்ளிழுக்கவும் பின்விசிறி வெளித்தள்ளவும் வேண்டும். இரண்டும் உள்ளிழுக்குமாறு பூட்டியவரையுங் கண்டுள்ளேன். விசிறியின் தாங்குகம்பிகள் உள்ள பக்கமே பெரும்பாலுங் காற்று வெளிப்படும் பக்கமாம். வழியை மறிக்கும் வடங்களை ஒதுக்கிக் கட்டுக.

கடலும் வாவியுஞ் சூழ்ந்த இம்மண்ணில் தூசியோடு உப்புஞ் சேர்ந்து ஈரத்தைப் பற்றி உலோகத்தை அரிக்கும். ஆதலின் கச்சான் தொடங்குமுன் மின்னிணைப்பைக் கழற்றி, உலர்ந்த தூரிகையால் விசிறிகளையும் அலுமினியத் தகடுகளையுந் துப்புரவாக்குக. ஊதித் துடைப்போர் விசிறி சுழலாதவாறு அதனை விரலாற் பிடித்துக்கொள்ளல் நன்று. பல ஆண்டு சென்ற கணினியாயின், புரொசெசருக்குந் தகட்டுக்குமிடையே காய்ந்துபோன வெப்பங்கடத்தும் பசையையும் மாற்றுக. மெல்லிய படலமே போதும்.