கட்டுநாயக்காவிலிருந்து ரியாத்துக்கு எவ்வளவு நேரம்?

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் வீட்டார் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "டிக்கட்டில 18.30க்கு ஏறி 21.15க்கு இறங்குறதா போட்டிருக்கு. சவூதி அவ்வளவு கிட்டவா இருக்கு?"

கிட்ட இல்லை. கட்டுநாயக்காவுக்கும் ரியாத்துக்கும் இடையே வானவழித் தூரம் ஏறக்குறைய 4,040 கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானம் மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஓடுபாதையில் ஊர்ந்து போவதும், மேலே ஏறுவதும், இறங்குவதும் மெதுவாகத்தான் நடக்கும். ஆகவே நேராகப் போகும் விமானத்துக்கு ஐந்து மணி நேரமும் சொச்சமும் பிடிக்கும்.

டிக்கட் பொய் சொல்லவில்லை. ஏறும் நேரத்தை ஏறும் ஊர்க் கடிகாரப்படியும், இறங்கும் நேரத்தை இறங்கும் ஊர்க் கடிகாரப்படியும் அச்சடிப்பார்கள். பூமி ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை சுழல்கிறது. ரியாத் நமக்கு மேற்கே சுமார் 33 பாகை தள்ளி இருப்பதால் அங்கே பொழுது பிந்தி விடியும். கடிகாரப்படி நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இரண்டரை மணி. குவைத், கட்டாருக்கும் அதே இரண்டரைதான். டுபாய்க்கு ஒன்றரை மணி. தூரமும் குறைவு, சுமார் 3,290 கிலோமீட்டர். (1996இல் நம் நாட்டுக் கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில் பழையபடி ஆக்கினார்கள். அந்தக் காலத்தில் போய் வந்தவர்கள் சொல்லும் கணக்கு இப்போது பொருந்தாது.)

அதனால் ரியாத்தில் 21.15 என்றால் நம் லயத்தில் இரவு பதினொன்றே முக்கால். ஒன்பதே காலுக்கே போன் வரலையே என்று அம்மாமார் அடுப்படியில் உட்கார்ந்து அழ வேண்டாம். பிள்ளை அப்போது நடுவானில் இருக்கும். இறங்கிய பிறகும் கடவுச்சீட்டு பார்க்க, பெட்டி எடுக்க ஒன்றிரண்டு மணி நேரம் போய்விடும். டுபாயிலோ வேறெங்கோ விமானம் மாறுவதென்றால் அங்கே காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

திரும்பி வரும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். 14ஆம் திகதி 23.00க்கு ரியாத்தில் ஏறினால், அப்போதே நமக்கு 15ஆம் திகதி அதிகாலை ஒன்றரை. ஐந்து மணி நேரம் பறந்து காலை ஆறரைக்குத்தான் இறங்கும். டிக்கட்டில் 14 என்று மட்டும் பார்த்துவிட்டு, அன்று இரவே வேன் பிடித்துப் போய் நின்றால் வேன் காசும் நட்டம், தூக்கமும் நட்டம்.

அதைவிட மோசமானது 00.30 என்ற நேரம். 15ஆம் திகதி 00.30 என்றால் 14ஆம் திகதி இரவு பன்னிரண்டரை. 15ஆம் திகதி இரவு என்று எண்ணி வீட்டில் இருந்தால் விமானம் போயே போய்விடும். மூன்று மணி நேரம் முந்தி, 14ஆம் திகதி இரவு ஒன்பதரைக்கு விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அட்டனிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் அன்று பகல் சாப்பாட்டுக்கு முந்தியே புறப்பட்டுவிடுங்கள். மழைக்காலமென்றால் இன்னும் முந்தி.