வீதியோரம் யாருக்குச் சொந்தம்?

அறுவடை செய்பவன் தன் வயலின் ஓரத்தை ஒட்ட அறுத்துவிடலாகாது; சிந்திய கதிர்களைத் திரும்பிச் சென்று பொறுக்கலாகாது; அவை ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியவை என்பது லேவியர் நூலில் நாம் காணும் சட்டம். மோவாபு நாட்டுக் கைம்பெண்ணாகிய ரூத்து, போவாசின் வயலில் கதிர் பொறுக்கித் தன் மாமியாரைக் காப்பாற்றியது இச்சட்டத்தின் நிழலில்தான். வயல் ஒருவனுடையது, அதன் ஓரமோ இல்லாதவனுடையது. இதுவே இறைவன் தம் மக்களுக்குக் கற்பித்த நீதி.

மாநகரங்களில் வயல்கள் இல்லை. ஆயினும் ஓரங்கள் உண்டு. ஒவ்வொரு வீதிக்கும் இருமருங்கிலும் நீண்டு கிடக்கும் நிலம் எவருடைய தனிச் சொத்தும் அன்று. நகர மக்கள் அனைவருக்கும் பொதுவானது. அதை நாள் முழுவதும் அனுபவித்துக்கொண்டிருப்பது யார்? பெரும்பாலும், ஓட்டுவாரின்றி நிற்கும் கார்களே! இந்த ஓரத்தில் ஒரு பகுதியை மீட்டு, அனைவரும் எடுத்து ஓட்டத்தக்க பொது மிதிவண்டிகளுக்கு அளித்த நகரங்களுள் முதன்மையானது பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிஸ். அங்கே நிகழ்ந்த நன்மையும் தீமையும் கிறிஸ்தவக் குடும்பங்கள் கருத்தூன்றிக் கவனிக்கத் தக்கவை.

நிற்கும் வண்டிக்கு எவ்வளவு நிலம்?

ஒரு கார் நிற்பதற்கு ஏறத்தாழ 12 சதுர மீட்டர் இடம் வேண்டும். ஏழைக் குடும்பங்கள் பல இவ்வளவு பரப்புள்ள ஒற்றை அறையிலே வாழ்ந்து வருவதை நாம் அறிவோம். அதே இடத்தில் எட்டு அல்லது பத்து மிதிவண்டிகளை நிறுத்தலாம். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் என்பவர், வண்டிகளை இலவசமாக நிறுத்துவதால் சமுதாயத்துக்கு உண்டாகும் பெருஞ்செலவைக் குறித்து 2005-ஆம் ஆண்டில் விரிவானதொரு நூலை வெளியிட்டார். ஒரு கார் தன் வாழ்நாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நேரம் நின்றுகொண்டே இருக்கிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். நாளொன்றின் 24 மணி நேரத்தில் அது ஓடுவது ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். எஞ்சிய நேரமெல்லாம் அதற்கு ஓர் இடம் தேவை.

'இலவசம்' என்னும் சொல்லையும் அவர் ஆராய்ந்தார். நிறுத்துமிடத்துக்குக் கார்க்காரர் பணம் கொடாவிடில், அச்செலவு பொருள்களின் விலையிலும் வீட்டு வாடகையிலும் மறைந்து, கார் இல்லாதவர் தலையிலும் விடிகிறது. நடந்து செல்லும் ஏழை, தான் ஒருநாளும் ஏறாத வண்டிக்காகத் தன் பங்கைச் செலுத்துகிறான்!

வெள்ளை மிதிவண்டிகள்

பொது மிதிவண்டி என்னும் எண்ணம் ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் தோன்றியது. 1965-ஆம் ஆண்டுக் கோடையில் 'புரோவோ' என்னும் இளைஞர் குழுவினர், நகரின் நடுப்பகுதியில் மோட்டார் வண்டிகளைத் தடுத்து, மாநகராட்சியே ஆயிரக்கணக்கான வெள்ளை மிதிவண்டிகளைப் பொதுமக்களுக்கு வழங்க வேண்டும் என்றனர். இத்திட்டத்தை வகுத்தவர் லூட் ஸ்கிம்மல்பெனிங்க் என்பவர். சில வண்டிகளுக்கு வெள்ளைச் சாயம் பூசி, பூட்டின்றி வீதியில் விட்டனர். தேவைப்படுவோர் எடுத்துச் செல்லலாம். போகுமிடத்தில் அடுத்தவருக்காக விட்டுச் செல்லலாம். காவல்துறையினரோ, மிதிவண்டியைப் பூட்டாமல் விடுவது நகரச் சட்டத்துக்கு முரணானது என்று கூறி அவற்றைக் கைப்பற்றினர். திருடுவதற்கு எதுவும் இல்லாதபடி எல்லாருக்கும் கொடுத்துவிட்ட பொருளைத் திருட்டுக்கு அஞ்சிச் சட்டம் பறித்துக்கொண்டது விந்தையன்றோ! திட்டத்தை மாநகராட்சி மன்றமும் ஏற்கவில்லை.

அதே 1965-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் சங்க ஏட்டை வெளியிட்டது. உலகப் பொருள்கள் யாவும் மனிதர் அனைவரின் பயனுக்காகவே இறைவனால் படைக்கப்பட்டவை என்னும் தொன்மையான போதனையை அந்த ஏடு மீண்டும் அழுத்தமாக வலியுறுத்தியது. சங்கத் தந்தையரும் அந்த ஹாலந்து இளைஞர்களும் ஒருவரையொருவர் அறிந்தவரல்லர். எனினும், பொதுவானவற்றை எவ்வாறு பகிர்வது என்ற கேள்வி அவ்வாண்டில் இரு திசைகளிலும் எழுந்தது குறிப்பிடத்தக்கது.

அந்த எண்ணம் அழிந்துவிடவில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 1995-ஆம் ஆண்டில், நாணயம் ஒன்றை இட்டு எடுத்து, திருப்பி நிறுத்தியதும் அந்நாணயத்தைப் பெற்றுக்கொள்ளும் முறை வந்தது. பிரான்சின் ரென் நகரில் 1998-இல் அட்டையைக் கொண்டு வண்டி எடுக்கும் முறை தொடங்கியது. எடுப்பவர் யாரென்று இயந்திரம் அறிந்துகொள்வதால் பொறுப்பும் கூடிற்று. 2005-இல் லியோன் மாநகரம் இம்முறையைப் பெரிய அளவில் மேற்கொண்டது.

பாரிஸ் கண்ட மாற்றம்

2007-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் பாரிஸில் 'வெலிப்' என்னும் திட்டம் தொடங்கியது. மிதிவண்டி, விடுதலை என்று பொருள்படும் இரு பிரெஞ்சுச் சொற்களின் இணைப்பே இப்பெயர். ஏறத்தாழ 10,000 வண்டிகளும் 750 நிலையங்களும் முதல் நாளன்றே ஆயத்தமாயிருந்தன. விரைவில் வண்டிகளின் எண்ணிக்கை இருமடங்காயிற்று. சுமார் 300 மீட்டருக்கு ஒரு நிலையம். அப்போது ஆண்டுக் கட்டணம் 29 யூரோவாக இருந்தது. ஒரு நாளுக்கு ஒரு யூரோவாக இருந்தது. ஒவ்வொரு பயணத்திலும் முதல் அரைமணி நேரத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை. இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம்.

இந்நிலையங்களுக்கு இடம் எங்கிருந்து வந்தது? நடைபாதையைக் குறுக்கினால் நடப்போர் துன்புறுவர். ஆகவே பல நிலையங்கள், கார்கள் நின்ற இடங்களை எடுத்தே அமைக்கப்பட்டன. இரண்டு மூன்று கார்கள் நின்ற இடத்தில் இருபதுக்கு மேற்பட்ட மிதிவண்டிகள் வரிசையாக நின்றன. நாளெல்லாம் ஓரிருவர்க்குப் பயன்பட்ட நிலம், மணிக்கு மணி கைமாறிப் பலருக்குப் பயன்பட்டது.

நடைமுறையில் இடர்ப்பாடுகளும் இல்லாமலில்லை. பாரிஸின் வடக்கே உயர்ந்து நிற்கும் மோன்மார்த்தர் குன்றை நாம் அறிவோம். 1534-ஆம் ஆண்டு விண்ணேற்பு அன்னையின் திருநாளன்று புனித இஞ்ஞாசியாரும், பின்னர் நம் முத்துக்குளித்துறை மக்களுக்கு ஞானத்தந்தையாய் வந்த புனித சவேரியாரும் தோழர்களுடன் வார்த்தைப்பாடு கொடுத்த குன்று அது. இன்று அதன் உச்சியில் திரு இருதயப் பேராலயம் விளங்குகிறது. இத்தகைய மேடுகளிலிருந்து மக்கள் மிதிவண்டியில் இன்பமாய் இறங்கினர். ஆனால் 22 கிலோ எடையுள்ள வண்டியை மிதித்து மேலேறுவார் சிலரே! மேட்டு நிலையங்கள் வெறுமையாயின. பள்ளத்து நிலையங்களில் நிறுத்த இடமில்லை. லாரிகளில் வண்டிகளை ஏற்றி மேலே கொண்டுபோக வேண்டியதாயிற்று. 2008-இல், மேட்டு நிலையத்தில் கொண்டுவந்து விடுவோர்க்குப் பதினைந்து நிமிடம் கூடுதலாக இலவசம் என்று அறிவித்தனர். எளிதானதை எல்லாரும் எடுத்துக்கொண்டு, கடினமானதைப் பிறருக்கு விட்டுவிடும் நம் இயல்பு மிதிவண்டியிலும் வெளிப்பட்டது.

பொதுப்பொருளை யார் காப்பது?

இதனினும் பெரிய சோதனை ஒன்று காத்திருந்தது. முதல் ஒன்றரை ஆண்டிற்குள் ஏறத்தாழ 7,800 வண்டிகள் காணாமற்போயின என்றும், 11,000-க்கும் மேற்பட்டவை சேதமுற்றன என்றும் நடத்திய நிறுவனமே அறிவித்தது. சில சேன் ஆற்றில் எறியப்பட்டன; சில விளக்குக் கம்பங்களில் தொங்கவிடப்பட்டன; சில தீக்கிரையாயின. தன் வீட்டு மிதிவண்டியை எவன் ஆற்றில் எறிவான்?

புனித தோமாஸ் அக்குவினார் தம் பெருநூலில் தனிச்சொத்தைப் பற்றி ஆராயும் இடம் இங்கே நினைவுக்கு வருகிறது. தனக்கென்று உள்ளதை மனிதன் அக்கறையோடு பேணுகிறான். பொதுவானதையோ மற்றவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடுகிறான். ஆகவே பொருளைத் தனியே வைத்திருப்பது முறையே என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் அவர் அத்துடன் நிற்கவில்லை. பொருளைப் பயன்படுத்தும்போது அதைப் பொதுவானதாகவே கருதி, தேவைப்படுவோர்க்கு மனமுவந்து பகிர வேண்டும் என்றும் கூறுகிறார். பேணுவதில் தனக்குரியதென்ற அக்கறை, பயனில் பொதுவென்ற தாராளம் ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் நீதி நிறைவுறும். பாரிஸில் இரண்டாவது இருந்தது, முதலாவது குறைந்தது.

நிலையமே இல்லாமல் எங்கும் விடத்தக்க வண்டிகளைச் சீனாவில் தனியார் நிறுவனங்கள் பெருக்கின. 2017-ஆம் ஆண்டிற்குள் அவை நகரங்களின் நடைபாதைகளை அடைத்தன. கைவிடப்பட்டவை மலைமலையாய்க் குவிந்தன. 2018-ஆம் ஆண்டு இறுதியில் பெரிய நிறுவனம் ஒன்று நொடிந்தபோது, முன்பணத்தைத் திரும்பப் பெற மக்கள் பீஜிங்கில் நீண்ட வரிசையில் நின்றனர். பாரிஸிலும் மின்விசையால் ஓடும் வாடகை ஸ்கூட்டர்கள் நடைபாதையெங்கும் சிதறிக் கிடக்கவே, 2023 ஏப்ரலில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, அவ்வாண்டு செப்டம்பர் முதல் அவற்றை நீக்கினர். காரிடமிருந்து மீட்ட ஓரத்தைப் பார்வையற்றவரின் பாதையில் தடையாய்ப் போடுவது பகிர்வு ஆகாது.

நீதியின் தராசில்

கார் வைத்திருப்போர் யாவரையும் பழிப்பது நம் நோக்கமன்று. முதியோர், ஊனமுற்றோர், கருவிகளைச் சுமந்து செல்லும் தொழிலாளர், நள்ளிரவில் நோயாளியைப் பார்க்க விரையும் மருத்துவர் ஆகியோருக்கு வண்டி இன்றியமையாதது. நிறுத்துமிடத்தைக் குறைக்கும் நகரம் இவர்களை மறத்தல் ஆகாது. 2024 பிப்ரவரியில் பாரிஸ் மக்கள் வாக்களித்து, வெளியூரிலிருந்து வரும் கனத்த கார்களுக்கு நகர நடுவே மணிக்கு 18 யூரோ நிறுத்தக் கட்டணம் விதித்தபோது, ஊனமுற்றோருக்கும் தொழிலாளருக்கும் மருத்துவப் பணியாளருக்கும் விலக்கு அளித்தனர். இது நல்ல எடுத்துக்காட்டு.

மிதிவண்டித் திட்டத்திலும் குறையுண்டு. வண்டி எடுக்க 150 யூரோவுக்கு ஈடு காட்டும் வங்கி அட்டை வேண்டும் என்று விதித்தனர். வங்கிக் கணக்கே இல்லாத ஏழைக்கு, 'எல்லாருக்கும்' என்ற சொல் எப்படிப் பொருந்தும்? மேலும், வண்டிகளை நடத்திய நிறுவனம் அதற்கு ஈடாகப் பெற்றது, நகரின் சுமார் 1,600 விளம்பரப் பலகைகளின் உரிமை. ஓர் ஓரத்தை மீட்கும் முயற்சியில் மற்றோர் ஓரம் வணிகத்துக்கு விடப்பட்டது. 2018-இல் நடத்துநர் மாறியபோது, நிலையங்களுக்கு மின் இணைப்புக் கிடைக்காமல் திட்டம் பல மாதங்கள் தள்ளாடிற்று.

ஆயினும் அது எழுந்து நின்றது. இன்று பாரிஸிலும் சுற்றூர்களிலும் 1,400-க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. மிதிவண்டிப் பாதைகளும் பெருகின. நகர எல்லைக்குள் நிகழும் பயணங்களில் மிதிவண்டியின் பங்கு 11 விழுக்காடு, காரின் பங்கு 4 விழுக்காடு என்று 2024-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. 2025 மார்ச்சில் மேலும் 500 தெருக்களை நடப்போர்க்கு விடுவதற்கு, வாக்களித்தோரில் மூன்றில் இரு பங்கினர் இசைந்தனர். இதனால் 10,000 கார்களின் இடம் மீளும். ஆனால் வாக்குரிமை பெற்றவருள் வாக்களிக்க வந்தோர் நூற்றுக்கு நால்வரே! மிதிவண்டியை ஆற்றில் எறிந்தவன் சிலனே. பொதுக்காரியம் நமக்கென்ன என்று வீட்டிலிருந்தவர் பலர்.

நம் பங்கு என்ன?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், ஓரிருவர் மட்டும் செல்லும் கார்கள் பெருகுவதால் நெரிசலும் மாசும் மிகுகின்றன என்றும், அவற்றுக்காகப் பெருகும் சாலைகளும் நிறுத்துமிடங்களும் நகரின் எழிலைக் கெடுக்கின்றன என்றும் சுட்டிக்காட்டியுள்ளார். திருச்சபையின் சமூகப் போதனை, கார் நிற்கும் பன்னிரண்டு சதுர மீட்டர் அளவுக்கும் இறங்கி வந்திருக்கிறது! அது வானத்தில் மிதக்கும் தத்துவம் என்று இனி யாரும் சொல்ல இயலாது.

அன்பார்ந்த குடும்பங்களே, பெருநகரத் திட்டங்களை வகுப்பது நம் கையில் இல்லாதிருக்கலாம். ஆனால் ஞாயிறு திருப்பலிக்கு வரும்போது கோவில் வாயிலை அடைத்து வண்டி நிறுத்துவதா, தள்ளி நிறுத்தி நடந்து வருவதா என்பது நம் கையில்தான் உள்ளது. ஊன்றுகோலுடன் வரும் பாட்டிக்கு வாயிலருகே இடம் விடலாம். ஒரே தெருவிலிருந்து நான்கு வண்டிகளில் வருவோர் ஒரே வண்டியில் வரலாம். பங்கு நூலகத்தின் புத்தகம், மன்றத்து நாற்காலி, தெருக் குழாய் ஆகியவற்றை நம் வீட்டுப் பொருளைப்போல் பேணப் பிள்ளைகளைப் பழக்கலாம். ஊர்க்கூட்டம் என்றால் போய் அமர்ந்து, பேச வேண்டியதைப் பேசலாம்.

பொதுவானதை விட்டுக்கொடுப்பதும் பொதுவானதைப் பேணுவதும் ஒரே அன்பின் இரு கைகள். இரண்டில் ஒன்று குறைந்தால், எத்துணை நல்ல திட்டமும் சேன் ஆற்றில் கிடந்த மிதிவண்டியைப்போல் துருப்பிடித்துவிடும். அவ்விரு கைகளையும் நம் இல்லங்களிலே முதலில் பழக்குவோமாக.