உங்களுக்குத் தெரியுமா? கல்யாண விருந்தின் சேவைக் கட்டணத்துக்கும் விற்பனை வரி!

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கல்யாண விருந்து பில்லில் மண்டபம் கட்டாயமாகச் சேர்க்கும் சேவைக் கட்டணத்துக்கும் விற்பனை வரி உண்டு. அந்தப் பணம் முழுக்கப் பரிமாறியவர்களுக்கே போனாலும் வரி குறையாது. சாப்பாட்டுச் செலவு 10,000 டாலர், சேவைக் கட்டணம் 20 சதவீதம் என்றால், அந்த 2,000 டாலருக்கு மட்டும், மாநிலத்தின் குறைந்தபட்ச விகிதமான 7.25 சதவீதத்தில், 145 டாலர் வரி. வாடிக்கையாளர் தாமாக விரும்பிக் கொடுக்கும் டிப்ஸுக்கோ வரி கிடையாது.

உழைப்புக்குத் தரும் பணத்தை விற்பனையாகக் கருதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒப்பந்தத்திலேயே தொகை முடிவாகி, மறுக்க வழியில்லை என்றால், அது சாப்பாட்டு விலையின் ஒரு பகுதிதான். இலைக்கு 100 டாலர், சேவைக்கு 20 டாலர் என்று பிரித்து எழுதினாலும், 120 என்று சேர்த்து எழுதினாலும் கல்யாண வீட்டார் கொடுப்பது ஒன்றே. பிரித்து எழுதினால் வரி இல்லை என்று விட்டால், விலையைக் குறைத்துச் சேவைக் கட்டணத்தை ஏற்றிவிடுவது சுலபம். ஆனாலும் இந்த ஓட்டையை அடைக்க ஊழியரின் பங்குக்கும் வரி போட வேண்டியதில்லை. நியூயார்க் மாநிலத்தின் விதியே இன்னும் நியாயமானது. பில்லில் தனியாகக் காட்டி, டிப்ஸ் என்றே குறிப்பிட்டு, முழுத் தொகையையும் ஊழியர்களுக்குக் கொடுத்துவிட்டால், கட்டாயத் தொகைக்கும் அங்கே வரி இல்லை. அதில் ஒரு பங்கை மண்டபம் எடுத்துக்கொண்டால் விலக்கு போய்விடும்.