மேட்டை வெட்டும் முன் பிரதேச சபைக்குப் போவோம்

"அண்ணே, மகனுக்குத் தை மாசம் கல்யாணம். இருக்கிறது ஒரே காம்பரா. பின்னால மேட்டைக் கொஞ்சம் வெட்டிட்டா ஒரு ரூம் எடுத்துடலாம். ஞாயித்துக்கெழம நாலு பேர் வந்தா வேலை முடிஞ்சிடும்."

பலாங்கொடைப் பக்கத் தோட்டங்களில் இந்தப் பேச்சுக் கேட்காத லயம் இல்லை. பிள்ளைகள் வளர்ந்து விட்டார்கள், இடம் போதவில்லை. ஆசை நியாயமானதுதான். ஆனால் மண்வெட்டியை எடுக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். நிலம் யாருடையது? அந்த இடம் வீடு கட்டத் தகுந்ததா? கட்டுவதற்கு அனுமதி இருக்கிறதா?

நிலம் யாருடையது?

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுக்குச் சொந்தமாயின. 1992 முதல் பிராந்தியக் கம்பனிகள் அவற்றை நடத்தி வருகின்றன. ஆகவே, நாம் மூன்று தலைமுறையாக அந்தக் காம்பராவில் இருந்தாலும், நிலம் நம் பெயரில் இல்லை. லயத்தோடு சேர்த்துக் கட்டுவதானால் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் எழுத்தில் வேண்டும். "தொரை சரின்னு சொன்னாரு" என்பது போதாது. துரை மாறிப் போனால் அந்த வார்த்தையும் அவரோடு போய்விடும்.

புதிய வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச்சஸ் காணி கிடைத்து, உறுதியும் கையில் இருந்தால் நிலைமை வேறு. நிலம் உங்களுடையது. ஆனாலும் அதில் எதை, எங்கே கட்டலாம் என்பதற்கு விதிகள் உண்டு. ஒரு பேர்ச்சஸ் சுமார் 272 சதுர அடி. அப்படியானால் 7 பேர்ச்சஸ் சுமார் 1,900 சதுர அடிதான். வீடு, மலசலகூடக் குழி, கான், நடைபாதை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். மேல் வீட்டுக் குழி கீழ் வீட்டுப் பீலித் தண்ணீரைக் கெடுக்கக் கூடாது. பிளான் கேட்பது இதற்காகத்தான்.

இடம் தகுந்ததா?

நம்முடைய மலைநாட்டில் இதுவே பெரிய கேள்வி. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்ட லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2016 மே 17ஆம் திகதி நமது சப்ரகமுவையிலேயே, கேகாலை அரநாயக்கவில் சாமசர மலை இடிந்து கிராமங்கள் புதைந்தன.

மழை மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. மேட்டின் அடியை வெட்டினால், மேலே உள்ள மண்ணைத் தாங்கி நிற்கும் கால் போய்விடுகிறது. கானை மறித்துச் சுவர் வைத்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி அதைக் கனமாக்குகிறது. வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. அடை மழை பெய்யும்போதுதான் தெரியும். அப்போது சரிவது நம் காம்பரா மட்டுமல்ல, லயம் முழுவதுமாக இருக்கலாம்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ள இடங்களை வலயங்களாகப் பிரித்து வரைபடம் தயாரித்துள்ளது. இரத்தினபுரி, கேகாலை உட்பட மண்சரிவு மாவட்டங்களில் 2011ஆம் ஆண்டின் சுற்றறிக்கைக்குப் பின், கட்டிட அனுமதிக்கு இந்த நிறுவனத்தின் சிபாரிசும் கேட்கப்படுகிறது. அதிகாரிகள் இடத்தைப் பார்த்து, கட்டலாம், இன்ன நிபந்தனையோடு கட்டலாம், அல்லது கட்டவே கூடாது என்று சொல்வார்கள்.

அனுமதி எப்படி?

1. உங்கள் தோட்டம் பலாங்கொடை நகர சபைக்குள்ளா, பலாங்கொடைப் பிரதேச சபைக்குள்ளா, இம்புல்பே பிரதேச சபைக்குள்ளா என்று முதலில் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தவறான கந்தோருக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் வீண்.

2. அங்கே விண்ணப்பப் படிவம் வாங்குங்கள். கட்டணம் எவ்வளவு, என்னென்ன பத்திரம் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

3. உறுதி அல்லது நிர்வாகத்தின் சம்மதக் கடிதம், நில அளவைப் பிளான், வீட்டுப் பிளான், மண்சரிவு பற்றிய சிபாரிசு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.

4. பெரிய வீதியோரமாக இருந்தால், வீதியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

5. அனுமதி எழுத்தில் வந்த பிறகே அத்திவாரம் வெட்டுங்கள். பிளானை மாற்றாதீர்கள். கட்டி முடித்ததும் இணக்கச் சான்றிதழ் பெறுங்கள். அனுமதித்தபடியே கட்டியிருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

"எல்லாம் சிங்களத்துல இருக்குமே" என்று தயங்க வேண்டாம். தமிழில் எழுதிக் கொடுக்கவும், தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பு நமக்கு உரிமை தந்திருக்கிறது. தோட்ட மக்களுக்கும் பிரதேச சபைக்கும் சம்பந்தம் இல்லை என்பதும் பழைய பேச்சு. தோட்டங்களுக்குள் பிரதேச சபை சேவை செய்யத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது.

'கூடாது' என்று வந்தால்?

மனம் உடைய வேண்டாம், அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடவும் வேண்டாம். உங்கள் இடம் ஆபத்தானது என்று அரசாங்க நிறுவனமே எழுத்தில் சொன்ன சாட்சி அது. அதன் பிரதியை நிர்வாகத்துக்கும் பிரதேச செயலாளருக்கும் கொடுத்து மாற்றுக் காணி கேளுங்கள். ஒரே லயத்தவர் எல்லாரும் சேர்ந்து கையெழுத்து வைத்துக் கேட்டால் இன்னும் நல்லது. மீரியபெத்தையில் எச்சரிக்கை இருந்தது. ஆனால் மலை சரிந்த அன்று மக்கள் இன்னும் அங்கேதான் இருந்தார்கள்.

கல்யாணத்துக்கு ரூம் இல்லையென்றால் நாளைத் தள்ளிப் போடலாம். உயிரை அப்படித் தள்ளிப் போட முடியாது. சுவரிலோ தரையிலோ புதிதாக வெடிப்பு, மரம் சாய்வது, ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்குவது ஆகியவற்றைக் கண்டால், எந்தக் கடிதத்துக்கும் காத்திராமல் பிள்ளைகளோடு அந்த இடத்தை விட்டு வெளியேறுங்கள். பிறகு நிர்வாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள்.